மூட்டைத் தையல்

பெரிய டீச்சர் திரைத்துணி கொண்டுவந்த அன்று நல்ல மழை. இருபது மீட்டர் நீலத் துணியைப் பள்ளிக்கூட வாட்ச்மேன் தோளில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் குடை பிடித்துக்கொண்டு வந்தார். தையல்கடைக்குள் நுழைந்தபோது துணி நனைந்திருந்தது, வாட்ச்மேன் நனைந்திருந்தார், டீச்சர் நனையவில்லை. ஆளை எடைபோட இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் அந்தக் கடையில் காஜா போடுகிறவள். பட்டனுக்குத் துளை, கொக்கி, ஓரத்துக்குக் கைத்தையல், தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலை வெட்டுவது, மடித்துக் கட்டுவது. முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. கடை தையல்காரியுடையது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கை சுத்தம், வாய் கத்தரி. எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் தைத்த சீருடையில்தான் போனார்கள். கால்மடிப்பில் நாலு விரல் துணியை உள்ளே விட்டுத் தைப்பாள். பிள்ளை வளர்ந்ததும் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

"சன்னல் அகலம் எவ்வளவு டீச்சர்?" என்று இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து உருவினாள்.

"சன்னல் இல்லம்மா. சுவருக்குச் சுவர், பதினாறு அடி. தரையைத் தொடணும். இடுக்கு தெரியக் கூடாது."

"சன்னல் இல்லாத இடத்துக்கு எதுக்குத் திரை?"

"தனிக்கவனிப்பு அறைக்கு. நீலம் பார்த்தா பிள்ளைங்க மனசு அமைதியாகுமாம். பன்னெண்டு சின்ன மெத்தையும் தைச்சுடு. பதினெட்டாம் தேதி ஆய்வுக்கு வர்றாங்க. படிக்கச் சிரமப்படுற பிள்ளைங்களுக்கு ஒவ்வொரு பள்ளிக்கூடமும் என்ன செய்யுதுன்னு பார்க்கப்போறாங்க." டீச்சர் குடையை மடக்கி என் காஜாப் பெட்டிமேல் சாய்த்தார். "பெத்தவங்க தரப்புல ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசணும். உன் பேரைத்தான் குடுத்திருக்கேன். நல்லா பேசறவ நீ."

"என்னத்தைப் பேச?"

"உன் பொண்ணுக்கு வாரம் ரெண்டு பீரியடு தனியா உக்கார வச்சுச் சொல்லித்தர்றோமே, அதைச் சொல்லேன். ஆனா பொண்ணு அன்னிக்கு லீவு போட்டுக்கட்டும். புது ஆளுங்களைப் பார்த்தா மிரண்டுடும், பாவம்."

தையல்காரி டேப்பைச் சுருட்டினாள். பிறகு, "கேள்வி வாசிக்கிற ஆளுக்கு எழுதிக் குடுத்தோமே டீச்சர்?" என்றாள்.

"அதுவா. பரிசீலனையில இருக்கு."

போகும்போது தன் சாம்பல் நிறக் கோட்டையும் மேசைமேல் வைத்தார். இடுப்பைக் கொஞ்சம் தளர்த்த வேண்டுமாம்.

இந்தப் பரிசீலனை இரண்டு வருஷத்துப் பரிசீலனை. தையல்காரிக்கு ஒரே மகள். குருவி என்றுதான் தெருவே கூப்பிடும். பதினொரு வயது. ஒருமுறை காதில் விழுந்ததை மறக்க மாட்டாள். போன வருஷம் நான் யாரை எதற்குத் திட்டினேன் என்பதைக்கூட வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வாள், எனக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் புத்தகத்தைப் பிரித்தால் முடிந்தது. "எழுத்தெல்லாம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதும்மா" என்பாள். வகுப்பில் எழுப்பி வாசி என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வலி பொய்யல்ல. வியர்த்து, உதடு வெளுத்து, ஒருநாள் அங்கேயே வாந்தியும் எடுத்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை, பரீட்சையில் யாராவது கேள்வியை வாசித்துக் காட்டினால் அவளே பதில் சொல்வாள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு பள்ளிக்கூடம் மனு எழுதி மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. போன வருஷம் ஆள் வரவில்லை, குருவி தவறிவிட்டாள். அதே வகுப்பில் இந்த வருஷமும் தவறினால் பள்ளியில் வைத்துக்கொள்ள முடியாது என்று பெரிய டீச்சர் முகத்துக்கு நேராகச் சொல்லியாயிற்று. பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது.

சாயங்காலம் குருவி பள்ளி விட்டு வந்தாள். நனைந்த பையை மூலையில் போட்டுவிட்டு, ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே நீலத் துணியைப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"உன்னோட தனி ரூமுக்குத்தான்டி. சுவருக்குச் சுவர் தொங்கவிடப் போறாங்களாம்."

"மூட்டை தெரியாம இருக்கவா?"

தையல்காரியின் கால் மிதியில் நின்றுவிட்டது. "எந்த மூட்டை?"

"மாவு மூட்டை. அப்பா மில்லு மூட்டை. உடைஞ்ச பெஞ்சு, ஏணி, வாளி எல்லாம் இருக்கே. நான் ஸ்டூல்ல உக்காந்திருப்பேன்."

"டீச்சர் எங்க உக்காருவாங்க?"

"டீச்சர் வர மாட்டாங்க. எப்பவாவது கண்ணாடி டீச்சர் ஓடிவந்து கதை வாசிச்சுட்டுப் போவாங்க. மத்த நாள் கதவைச் சாத்திடுவாங்க. சத்தம் போடாம இருந்தா பெல் அடிச்சதும் திறந்துவிடுவாங்க." பிள்ளை ரொட்டியை விழுங்கிக்கொண்டு உற்சாகமாகச் சொன்னது. "அம்மா, மூட்டை வாயில ஒரு நூலு இருக்கு, உனக்குத் தெரியுமா? எல்லா நூலும் வராது. தையல் முடியற பக்கம் கண்ணியை நகத்தால நெம்பி இழுத்தா டர்ருன்னு மொத்தமும் பிரிஞ்சுடும். சமையல் அக்கா மூட்டை பிரிக்கறதுன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"இதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டப்பல்லாம் சொன்னேனே. தனி ரூமுக்குப் போனேன்னு."

கேட்டிருந்தாள்தான். போனாயா என்று கேட்டாளே தவிர, அங்கே என்ன நடந்தது என்று கேட்கவில்லை. தனியாகச் சொல்லித்தருகிறார்கள் என்ற நிம்மதியில் நாங்கள் எல்லாருமே கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். தையல்காரி மகளை இழுத்து மடியில் சாய்த்துத் தலையைத் துவட்டினாள். துவட்டிய வேகத்தில் பிள்ளை "வலிக்குதும்மா" என்றது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குடையைப் பிடுங்கிப் பெரிய டீச்சர் மண்டையில் போட்டிருப்பேன். தையல்காரிதான் தடுத்தாள்.

"அடிச்சா நாலு நாள்ல காயம் ஆறிடும் அக்கா. நாலு பேர் முன்னால அவ முகம் தொங்கணும். எழுந்து நின்னு வாசின்னு சொன்னா என் பொண்ணு முகம் எப்படித் தொங்குமோ, அப்படி."

அவள் புருஷன் மாவு மில்லில் மூட்டை தைக்கிறவர். கையில் பிடித்துக்கொள்ளும் சின்ன மிஷின், மேலே நூல்கண்டு, கீழே ஊசி. நிரம்பிய மூட்டை ஒவ்வொன்றாக நகர்ந்து வர, வாயைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் தைத்துத் தள்ளுவார். ஒரு நாளைக்கு எண்ணூறு மூட்டை. வீட்டுக்கு வரும்போது புருவம்கூட மாவாக இருக்கும். வாயில்லாப் பூச்சி. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

அன்றும் அவளே பேசினாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே செருப்பிலிருந்த மாவைத் தட்டினார். எல்லாம் கேட்டு முடித்ததும் மகளைப் பார்த்து, "மூட்டையில என்ன கலர் நூலும்மா?" என்றார்.

"சிவப்புப்பா. உன்னுதுதான்னு எனக்குத் தெரியும். கடைசியில ஒரு சாண் நூலு விட்டிருப்பியே."

சிவப்பு நூல் அவருடைய வரிசைக்கு மட்டும்தான். தன் பிள்ளையைச் சுற்றித் தான் தைத்த மூட்டையையே சுவராக அடுக்கியிருக்கிறார்கள் என்பது அந்த மனிதனுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து உள்ளே போனார். குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகத்தில் மாவு இல்லை, கண் சிவந்திருந்தது.

"அந்தத் திரையை நீ தைக்காத" என்றார். "ஞாயித்துக்கிழமை மில்லு மிஷினை ரிப்பேருன்னு சொல்லிக் கொண்டுவர்றேன். நான் தைச்சுத் தர்றேன்."

தையல்காரி அவரையே பார்த்தாள். எனக்கும் புரிந்துவிட்டது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். நான் இரண்டு கையையும் தட்டிச் சிரித்தேன்.

ஞாயிறு மத்தியானம் கதவைப் பாதி சாத்திக்கொண்டு தைத்தோம். மேலே கம்பியில் கோக்கிற பட்டை தனி. அதில் வளையம் வைத்து அவளே மிஷினில் கெட்டியாக அடித்துவிட்டாள். அந்தப் பட்டையையும் தொங்கும் துணியையும் சேர்க்கிற நீளத் தையல் மட்டும் அவருடையது. நான் ஒரு பக்கம் பிடிக்க, அவள் மறுபக்கம் பிடிக்க, அவர் பதினாறு அடியையும் நடந்துகொண்டே தைத்தார். எல்லாம் சங்கிலித் தையல். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி. பார்த்தால் திடமாக இருக்கும், இழுத்துப் பார்த்தாலும் தாங்கும். தையல் முடிந்த முனையில் நூலை இழுத்தால் மட்டும் ஒன்றுகூட நிற்காது. அந்த முனையில் இரண்டு முழம் நூல் விட்டார். நீலத் துணிக்கு நீல நூல், கண்ணுக்குத் தெரியாது. ஓரமாகத் தொங்கும், அவள் கைக்கு எட்டும்.

"நல்லதா ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்கல்ல" என்று தையல்காரி திரையை நீவினாள். "பேசிட்டு இழுத்துவிடறேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவ, சோறு சரியறதையும் பார்க்கட்டும்."

அன்று எங்களுக்குப் பசியே தெரியவில்லை. அவித்த முட்டையை உரித்துக்கொண்டு, பெரிய டீச்சர் முகம் எப்படிப் போகும் என்று மாற்றி மாற்றி நடித்துக் காட்டிச் சிரித்தோம். குருவி மெத்தைக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தோம்.

ஆய்வுக்கு முதல் நாள் சாயங்காலம், வாட்ச்மேன் திரையை வாங்கிப்போக வருகிற நேரத்தில், கண்ணாடி டீச்சர் வந்தாள். இருபத்து நாலு வயதுகூட இருக்காது. தற்காலிக வேலை. மழைத்துளி விழுந்த கண்ணாடியைத் துடைக்காமலே நின்றாள்.

"நாளைக்கு நீங்க பேசப்போறீங்கன்னு சொன்னாங்க. எதுவும் நடக்கலைங்க. அந்த ரூம்ல பாடமே நடக்கல. நல்லபடியா பேசிடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும்" என்றாள் தையல்காரி.

"ரிஜிஸ்டர்ல ஐம்பத்தேழு பீரியடு எழுதியிருக்கு. கையெழுத்து என்னுது. போன வாரம் ரெண்டே நாள்ல மொத்த வருஷத்துக்கும் உக்காந்து எழுதினேன். எழுதலன்னா வேலையை நீட்டிக்க மாட்டேன்னாங்க. அதே நேரத்துல எனக்கு வேற வகுப்பு போட்டிருந்தாங்க. பிள்ளைங்களுக்கு ஏதாவது எழுத வேலை குடுத்துட்டு, எப்பவாவது ஓடிப்போயி அவளுக்கு வாசிச்சுக் காட்டுவேன்."

"எத்தனை நாள் ஓடிப்போன?"

"எண்ணலைங்க."

"கையெழுத்தை மட்டும் எண்ணி எண்ணிப் போட்டிருக்க."

அந்தப் பெண் அழ ஆரம்பித்தது. தையல்காரி துளிகூட இளகவில்லை. கத்தரியை மேசையில் ஓங்கி வைத்தாள். "எம்பொண்ணை அடைச்சு வச்சு அதுக்கு 'முன்னேற்றம் நன்று'ன்னு எழுதின கைதானே இது? போ. நாளைக்கு நீயும் பாரு."

அவள் போனதும் நான், "எய்தவ இருக்க அம்பை ஏன்டி நோகற? திரை விழுந்தா பெரியவ தப்பிச்சுடுவா, இவ தலையில கட்டிடுவா. இவளுக்கு வேலை போயிடும்" என்றேன்.

"அம்பு குத்தின இடத்துலதானே அக்கா வலிக்குது. ரெண்டு பேரும் போகட்டும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. அதையே நினைத்துக்கொண்டு திரையை மடித்தேன். ஓரம் பார்த்து, பிசிறு வெட்டி, நாலாக மடித்து, கயிறு போட்டுக் கட்டினேன். வாட்ச்மேன் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. நானும் தையல்காரியும் ஆளுக்கு ஆறு மெத்தையாகச் சுமந்துகொண்டு போனோம். குருவி சீருடை போட்டுக்கொண்டு அம்மா கையைப் பிடித்து வந்தாள். பெரிய டீச்சர் வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"இவளை லீவு போடச் சொன்னேனே?"

"வீட்ல விட ஆளில்ல டீச்சர். ஓரமா நிப்பா."

அதற்குள் ஆய்வாளர் அம்மா உள்ளே வந்துவிட்டதால் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை. குட்டையான பெண்மணி. செருப்பெல்லாம் சேறு. ஏழெட்டுப் பள்ளிக்கூடம் ஏறி இறங்கிய அலுப்பு முகத்தில் தெரிந்தது. கண்ணாடி டீச்சர் ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

அறை பார்க்க அழகாகத்தான் இருந்தது. முன்பாதியில் வர்ணப் படம், வட்டமாக எங்கள் மெத்தைகள். பின்பாதியை மறைத்து சுவருக்குச் சுவர் நீலத் திரை. தாழ்ந்த கூரை. கம்பி ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. திரைக்கு எதிரே நின்று பெரிய டீச்சர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பிள்ளையின் மனம், தனிப்பட்ட அக்கறை, பெற்றோரின் ஒத்துழைப்பு. கடைசியில், "இவங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க" என்று தையல்காரியை முன்னால் தள்ளினார்.

தையல்காரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ரெண்டு வார்த்தைதான் பேசச் சொல்லியிருக்காங்க. ரெண்டே வார்த்தை பேசறேன். திரையைப் பாருங்க" என்றாள். சொல்லிக்கொண்டே திரையின் வலது ஓரத்துக்குப் போய்க் கையை நீட்டினாள்.

நூல் இல்லை.

ஓரத்தை மேலிருந்து கீழ்வரை தடவினாள். மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். பிசிறு வெட்டி மடித்தேன் என்று சொன்னேனே! முப்பது வருஷப் பழக்கம். நீட்டிக்கொண்டிருக்கிற நூலைக் கண்டால் கை கேட்காமல் வெட்டிவிடும். மனசு கண்ணாடி டீச்சரிடம் இருக்க, கை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. இரண்டு முழ நூலையும் தையலோடு ஒட்ட வெட்டியிருக்கிறேன், பாவி.

"திரையும் இவங்க தைச்சதுதான்" என்று பெரிய டீச்சர் சிரித்தார். "அதைத்தான் காட்டறாங்க. ரொம்ப ஈடுபாடு."

ஆய்வாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தையல்காரியின் முகத்தில் ரத்தம் இல்லை. பதினாறு அடித் தையலும் எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டு தொங்கியது. பிடித்து இழுத்துக் கிழிக்கலாம் என்றால் புதுத் துணி, தாங்கும். அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

"குருவி எங்க?" என்றேன். பக்கத்தில் நின்ற பிள்ளையைக் காணோம்.

திரையின் ஓரம் அசைந்தது. பின்னால் ஸ்டூல் தரையில் தேயும் சத்தம் கேட்டது. மேலே, பட்டைக்குக் கீழே, துணி லேசாகக் குழிந்தது. யாரோ உள்பக்கமிருந்து நகத்தால் நெம்புகிறார்கள்.

டர்ர்ர்ர்.

வலது ஓரத்தில் ஆரம்பித்தது இடது சுவரில் போய்த்தான் நின்றது. ஒரு கண்ணிகூட நிற்கவில்லை. பட்டை மட்டும் கம்பியில் தொங்க, நீலத் துணி முழுதும் தரையில் சரிந்தது. பின்னால் கூரை முட்ட மாவு மூட்டைகள், ஒவ்வொன்றின் வாயிலும் சிவப்புத் தையல். கால் போன பெஞ்சுகள், ஏணி, வாளி. நடுவே ஸ்டூல்மேல் குருவி, கையில் சுருள்சுருளாக நீல நூல்.

"இதுதான் என் இடம்" என்றாள்.

ஆய்வாளர் அம்மாவின் அலுப்பு போய்விட்டது. மெதுவாக நடந்து ஸ்டூலிடம் போய், மூட்டைகளைப் பார்த்தார், கதவின் வெளித்தாழ்ப்பாளைப் பார்த்தார். "இது என்ன?"

"மழைங்க" என்றார் பெரிய டீச்சர். "கூரை ஒழுகுதுன்னு இன்னிக்குக் காலையிலதான் இங்க எடுத்து வச்சோம். தனிக்கவனிப்புப் பொறுப்பு முழுக்க இந்த டீச்சரோடது. ரிஜிஸ்டர் எழுதினதும் இவங்கதான். எனக்கே இப்பத்தான் தெரியும்."

நான் சொன்னது போலவே ஆயிற்று. கண்ணாடி டீச்சர் மறுக்கவில்லை. "எழுதினது நான்தான்" என்று மட்டும் சொன்னாள். தையல்காரி அவளைப் பார்த்தாள். நன்றாக வேண்டும் என்பதுதான் அந்தப் பார்வை.

"நான் கணக்கு வச்சிருக்கேன்" என்றாள் குருவி.

ஸ்டூலிலிருந்து இறங்கி, கடைசி மூட்டைக்குப் பின்னால் கை விட்டு ஒரு பெஞ்சுக் காலை எடுத்தாள். அதில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. மூட்டை வாயிலிருந்து எடுத்த நூல். அதில் முடிச்சு முடிச்சாக இருந்தது.

"இங்க உக்கார்ற ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு முடிச்சு. வாரம் முடிஞ்சா கொஞ்சம் இடம் விட்டுடுவேன். தேதியைச் சொன்னா எல்லாம் சொல்லுவேன். எனக்கு வாசிக்க வராது. யாராவது வாசிங்க."

ஆய்வாளர் அம்மா ரிஜிஸ்டரை வாங்கினார். வாங்கிப் பெரிய டீச்சரிடம் நீட்டினார். "நீங்களே வாசிங்க. சத்தமா."

பெரிய டீச்சர் வாசித்தார். முதல் வாரம், செவ்வாய், சொல் வாசிப்பு, முன்னேற்றம் நன்று. குருவி ஒரு முடிச்சைத் தள்ளி, "தனியா இருந்தேன்" என்றாள். வியாழன், எழுத்துப் பயிற்சி, முன்னேற்றம் நன்று. "தனியா இருந்தேன்." இரண்டாம் வாரம். "தனியா." மூன்றாம் வாரச் செவ்வாயில் அவள் விரல் நின்றது. "இது ரெட்டை முடிச்சு. கண்ணாடி டீச்சர் வந்தாங்க. கடலுக்குள்ள இருக்கற கிணத்துக் கதை வாசிச்சாங்க." அந்தக் கதையின் முதல் பக்கத்தை அப்படியே சொல்லவும் தொடங்கினாள். கண்ணாடி டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வாசிப்பு தொடர்ந்தது. பதினொன்றாம் வாரம் வந்தபோது குருவி நூலை உயர்த்திக் காட்டினாள். அங்கே முடிச்சே இல்லை, வெறும் இடைவெளிதான். "அந்த வாரமும், அடுத்த செவ்வாயும் நான் வரல. காய்ச்சல்ல வீட்ல படுத்திருந்தேன்."

ரிஜிஸ்டரில் அந்த மூன்று நாளும் பாடம் நடந்திருந்தது. முன்னேற்றம் மிக நன்று.

பெரிய டீச்சரின் குரல் கம்மியது. வரியை விட்டு வரி தாண்டினார். "விட்டுட்டீங்க" என்றார் ஆய்வாளர் அம்மா. மறுபடி ஆரம்பித்தார். நெற்றி வியர்த்தது. ஒரு கை ரிஜிஸ்டரில் இருக்க, மறுகை தானாக வயிற்றைப் பிடித்தது. உதடு வெளுத்துவிட்டது. நான் ஆசைஆசையாகப் பார்த்தேன், மறைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நடித்துக் காட்டிய எந்த முகமும் இந்த முகத்துக்கு ஈடாகாது.

குருவி அம்மாவின் கையை இழுத்தாள். "அம்மா, போதும்மா. நிறுத்தச் சொல்லு. அவங்களுக்கு வயிறு வலிக்குது."

"வலிக்கட்டும்" என்றாள் தையல்காரி.

ஐம்பத்தேழும் வாசித்து முடித்த பிறகுதான் நிறுத்தினார்கள். முடிச்சு ஐம்பத்து நாலு. ரெட்டை முடிச்சு ஒன்பது. எண்ணலைங்க என்று சொன்னவளுக்காகப் பிள்ளை எண்ணி வைத்திருந்தது. தையல்காரி கண்ணாடி டீச்சரிடம் நேரே போனாள். அடித்துவிடுவாளோ என்று பயந்தேன்.

"ஒன்பது நாள்" என்றாள். "ஒன்பது நாளுக்கு உன்னை விட்டேன். மிச்சத்துக்கு நீ பதில் சொல்லியே ஆகணும்."

"சொல்றேங்க" என்றாள் அந்தப் பெண்.

ஆய்வாளர் அம்மா நூலைத் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டார். மேலே காட்ட வேண்டுமாம். குருவி பெஞ்சுக் காலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"திருப்பித் தருவீங்களா?"

"தருவேன்."

"எழுதிக் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளைக் கிழித்து, மெத்தைமேல் உட்கார்ந்து எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். குருவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன எழுதியிருக்கீங்கன்னு வாசிச்சுக் காட்டுங்க."

ஆய்வாளர் அம்மா வாசித்தார். "ஐம்பத்து நாலு முடிச்சு உள்ள ஒரு சிவப்பு நூல், ஒரு பெஞ்சுக் கால், மாணவியிடமிருந்து பெற்றுக்கொண்டேன். ஒரு மாதத்துக்குள் திருப்பித் தருவேன்."

"ரெட்டை முடிச்சு ஒன்பதுன்னு எழுதல."

அதையும் சேர்த்து எழுதினார், மறுபடி முதலிலிருந்து வாசித்தார். குருவி கேட்டு, தலையாட்டி, அதன் பிறகுதான் நூலைக் கொடுத்தாள்.

"இதேதாங்க" என்றாள் தையல்காரி. அதுவரை கம்பீரமாக இருந்த குரல் அப்போதுதான் உடைந்தது. "எழுதியிருக்கறதை ஒருத்தர் வாசிச்சுக் காட்டணும். ரெண்டு வருஷமா நாங்க கேட்டது இவ்வளவுதாங்க."

மனுவைத் தேடினார்கள். மேலே போகவே இல்லை. டாக்டர் சீட்டோடு பெரிய டீச்சரின் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆய்வாளர் அம்மா அங்கேயே கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார்.

பரீட்சைக்குக் கேள்வி வாசிக்கத் தலைநரைத்த ஒருவர் வந்தார். கண்ணாடி டீச்சரை அனுப்பவில்லை, அவள்மேல் விசாரணை நடந்துகொண்டிருந்தது. வேலை போகவில்லை, நீட்டிப்பு மட்டும் தள்ளிப்போனது. அவள் சாயங்காலங்களில் கடைக்கு வந்து குருவிக்கு வாசித்துக் காட்டினாள். தையல்காரி அவளுக்குத் தேநீர் கொடுப்பாள், பேச்சுக் கொடுக்க மாட்டாள். குருவி தேறிவிட்டாள். முதலாவதாக எல்லாம் வரவில்லை, தேறினாள், அது போதும். பெரிய டீச்சரை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான் தண்டனை. அதைக் கேட்டு நான் கொதித்தேன். தையல்காரி ஊசியில் நூலைக் கோத்தாள். மூட்டை தைக்கிறவர் மட்டும், "எந்தப் பள்ளிக்கூடம்? அங்கயும் நம்ம மூட்டை போகுதான்னு கேக்கறேன்" என்றார்.

மாற்றலாகிப் போகிற வாரம் வாட்ச்மேன் கடைக்கு வந்தார். அவருக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

"டீச்சர் கோட்டு ஒண்ணு குடுத்திருந்தாங்களாமே. இடுப்பைத் தளர்த்தறதுக்கு."

கோட்டு அங்கேதான் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் இரண்டு மாதத் தூசி. தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை. ஒரு பிள்ளையின் பாவாடை மடிப்பில் நாலு விரல் துணியை உள்ளே விட்டுத் தைத்துக்கொண்டே சொன்னாள்.

"பரிசீலனையில இருக்குன்னு சொல்லுங்க."